வெளியூரிலிருந்து வீட்டுக் கணினியைத் திறப்பது: மென்பொருளைக் கடைசியில் போடுங்கள்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் கணினி பழுது பார்ப்பது என் வேலை. மாதத்துக்கு இரண்டு பேராவது வந்து, "வீட்டு சிஸ்டத்தை வெளியூரிலிருந்து பார்க்கணும், செட் பண்ணிக் கொடுங்க" என்று கேட்கிறார்கள். பாதிப் பேர் ஏற்கெனவே ஏதோ ஒரு மென்பொருளைப் போட்டிருப்பார்கள். முதல் வாரம் நன்றாக வேலை செய்திருக்கும். அப்புறம் ஒரு நாள் "ஆஃப்லைன்" என்று காட்டியிருக்கும், அன்றோடு சரி.

போய்ப் பார்த்தால் மென்பொருளில் ஒரு குறையும் இருக்காது. கரண்ட் போய் வந்திருக்கும், கணினி தூங்கியிருக்கும், இல்லையென்றால் வீட்டில் யாராவது சுவிட்சை அணைத்திருப்பார்கள். அதனால் நான் செய்யும் வரிசை இது: முதலில் கரண்ட், பிறகு தூக்கம், பிறகு பாஸ்வேர்டு, அதற்கும் பிறகுதான் மென்பொருள். விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. இணையம் வழியாகத் திறக்கப்போகும் கணினி என்பதால், முடிந்தால் 11-க்கு மாறிவிட்டுத் தொடங்குங்கள்.

1. இது உங்களுக்குத் தேவைதானா?

வீட்டில் இருக்கும் நான்கு எக்செல் கோப்பு மட்டும் வேண்டுமென்றால் இவ்வளவு பாடு வேண்டாம். அந்த ஃபோல்டரை கூகுள் டிரைவிலோ ஒன்டிரைவிலோ போட்டு வையுங்கள். எங்கிருந்தாலும் கிடைக்கும், வீட்டில் கரண்ட் இருக்கிறதா என்ற கவலையும் இல்லை.

வீட்டுக் கணினியில் மட்டும் இருக்கும் மென்பொருளை ஓட்டியாக வேண்டும் என்றால்தான் தொடர்ந்து படியுங்கள். டேலி, டிடிபி வேலை, பழைய தமிழ் எழுத்துரு போட்ட பேஜ்மேக்கர் கோப்பு போன்றவை இந்த வகை.

2. தொடங்கும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

விண்டோஸ் எந்தப் பதிப்பு என்று பாருங்கள். செட்டிங்ஸ் → சிஸ்டம் → அபவுட். 'ஹோம்' என்றிருந்தால் விண்டோஸோடு வரும் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக அந்தக் கணினிக்குள் வர முடியாது. அதிலிருந்து வெளியே இன்னொரு கணினிக்குப் போகலாம், அவ்வளவுதான். 'புரோ' என்றால் இரண்டு பக்கமும் நடக்கும். கடையில் வாங்கும் லேப்டாப் பெரும்பாலும் ஹோம்தான். இதைப் பார்க்காமல் அரை நாள் மண்டையை உடைத்துக்கொண்டவர்கள் நிறைய.

அடுத்து பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) மீட்புச் சாவி. விண்டோஸ் 11 உள்ள பல கணினிகளில் நீங்கள் கேட்காமலேயே டிஸ்க் பூட்டப்பட்டிருக்கும். கீழே பயாஸில், அதாவது விண்டோஸ் தொடங்கும் முன் மதர்போர்டு காட்டும் அமைப்புப் பக்கத்தில், கை வைக்கப் போகிறோம். அதன் பிறகு சில கணினிகள் 48 இலக்கச் சாவியைக் கேட்டு நின்றுவிடும். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்தச் சாவி இருக்கும். முதலிலேயே எடுத்துத் தாளில் எழுதி வையுங்கள். எழுதாமல் பயாஸைத் தொடாதீர்கள்.

ரூட்டரிலிருந்து கணினிக்கு ஒரு லேன் கேபிள் இருந்தால் நல்லது. வைஃபை விட்டுப் போனால் மறுபடி இணைக்க நீங்கள் அங்கே இருக்க மாட்டீர்கள்.

3. கரண்ட் போய் வந்தால் கணினி தானாக எழ வேண்டும்

இதுதான் எல்லாவற்றுக்கும் அடித்தளம், எல்லோரும் தாண்டிப் போவதும் இதைத்தான். நம் ஊரில் பராமரிப்பு என்று ஒரு நாள் காலை நிறுத்தினால் மதியத்துக்கு மேல்தான் வரும். சாதாரணமாக விட்டால் கரண்ட் வந்த பிறகும் டெஸ்க்டாப் அப்படியே கிடக்கும். யாராவது போய்ப் பட்டனை அழுத்த வேண்டும்.

கணினியை ரீஸ்டார்ட் செய்து, டெலீட் அல்லது எஃப்2 விசையைத் தட்டிக்கொண்டே இருந்தால் பயாஸ் திறக்கும். பவர் பகுதியில் 'ரீஸ்டோர் ஏசி பவர் லாஸ்', 'ஏசி பேக்', 'ஆஃப்டர் பவர் லாஸ்' என்று மதர்போர்டுக்கு மதர்போர்டு ஒரு பெயரில் இருக்கும். மூன்று தேர்வு தருவார்கள்: பவர் ஆஃப், பவர் ஆன், லாஸ்ட் ஸ்டேட். பவர் ஆன் என்று வையுங்கள். லாஸ்ட் ஸ்டேட் வைத்தால், கரண்ட் போகும்போது கணினி அணைந்திருந்தால் வந்த பிறகும் அணைந்தே இருக்கும். அந்தத் தேர்வு அந்தப் பக்கத்தில் இல்லையென்றால் 'இஆர்பி' என்ற மின்சேமிப்பு அமைப்பு ஆனில் இருக்கிறதா பாருங்கள். சில போர்டுகளில் அது இதைத் தடுத்துவிடும்.

சேமித்துவிட்டு வெளியே வந்ததும் சோதியுங்கள். கணினியை முறையாக ஷட்டவுன் செய்யுங்கள், பிளக்கைப் பிடுங்குங்கள், ஒரு நிமிடம் விட்டுத் திரும்பச் செருகுங்கள். பட்டனைத் தொடாமல் எழுந்தால் சரி.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. யூபிஎஸ் வைத்திருந்து, பேட்டரி குறைந்தால் கணினி தானாக அணையும்படி அமைத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கணினி அணைந்துவிட்டது, ஆனால் யூபிஎஸ்ஸில் இன்னும் கொஞ்சம் சார்ஜ் இருக்கிறது. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் வந்துவிட்டது. கணினியைப் பொறுத்தவரை கரண்ட் போகவே இல்லை! அதனால் எழாது. பாண்டியில் ஒரு வாடிக்கையாளர் வீட்டில் இது புரிய எனக்கு மூன்று நடை ஆனது.

அதற்கு நான் செய்த மாற்று, ஒரு வைஃபை ஸ்மார்ட் பிளக். கணினி அதன் வழியாக ஓடுகிறது. போனிலிருந்து பிளக்கை அணைத்துப் போட்டால் கணினி கரண்ட் போய் வந்ததாக நினைத்து எழுந்துவிடும். விண்டோஸ் உறைந்து நின்றாலும் இதே வைத்தியம்தான். ஓடிக்கொண்டிருக்கும் கணினியில் இதைச் செய்தால் சேமிக்காத கோப்பு போகும், டிஸ்க்குக்கும் நல்லதில்லை. வேறு வழியே இல்லாதபோது மட்டும்.

ரூட்டரை மறக்காதீர்கள். கணினிக்கு யூபிஎஸ் வாங்கி வைத்துவிட்டு ஃபைபர் பெட்டியைச் சுவரில் நேராகச் செருகியவர்களைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலான ஃபைபர் பெட்டிகள் 12 வோல்ட்டில் ஓடுபவை. அதற்கென்றே சின்ன யூபிஎஸ் கிடைக்கிறது. வாங்கும் முன் உங்கள் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டையும் ஆம்பியரையும் பாருங்கள்.

புயல் காலத்துக்கு இது எதுவும் உதவாது. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி 'தானே' புயல் கரையைக் கடந்த பிறகு இங்கே நாள் கணக்கில் கரண்ட் இல்லை. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் வந்தபோது பாண்டியில் தெருக்களில் வெள்ளம். ஐப்பசி, கார்த்திகையில் வெளியூர் போவதாக இருந்தால் தேவையான கோப்புகளை மேகச் சேமிப்பிலும் ஒரு பிரதி போட்டுவிட்டுப் போங்கள். கணினி தரையில் இருந்தால் மேசை மேல் ஏற்றுங்கள்.

4. தூங்கவிடாதீர்கள்

தூங்கும் கணினியை இணையத்திலிருந்து தொட முடியாது. செட்டிங்ஸ் → சிஸ்டம் → பவர் போய், மின்சாரத்தில் இருக்கும்போது ஸ்லீப் என்பதை 'நெவர்' என்று மாற்றுங்கள். ஹைபர்னேட் என்று ஒன்று இருந்தால் அதையும். திரை அணைவதை ஐந்து நிமிடத்திலேயே விடலாம், தவறில்லை.

லேப்டாப் என்றால் கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், மூடியை மூடினால் 'டூ நத்திங்' என்று வையுங்கள். மூடியபடி மெத்தை மேல் வைக்காதீர்கள், சூடேறும்.

வைஃபையில்தான் ஓட வேண்டும் என்றால் இன்னொன்று. டிவைஸ் மேனேஜரில் வைஃபை அடாப்டரின் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில், மின்சாரம் சேமிக்க இந்தக் கருவியை அணைக்கலாம் என்ற பொருளில் ஒரு டிக் இருக்கும். எடுத்துவிடுங்கள். இரவு வேலை செய்தது, காலையில் காணோம் என்ற புகாருக்குப் பலமுறை இதுதான் காரணம்.

"தூங்கட்டும், வேண்டும்போது போனிலிருந்து எழுப்பிக்கொள்கிறேன்" என்பார்கள். அந்த வசதிக்கு வேக் ஆன் லேன் என்று பெயர். எழுப்பும் செய்தி வீட்டு நெட்வொர்க்குக்குள் மட்டுமே ஓடும். வெளியிலிருந்து அனுப்ப வேண்டுமென்றால் வீட்டில் எப்போதும் விழித்திருக்கும் இன்னொரு கருவி வேண்டும். தொடக்கத்தில் வேண்டாம்.

கரண்ட் பில்லுக்கு ஒரு கணக்கு. சும்மா இருக்கும் டெஸ்க்டாப் 50 வாட் இழுக்கிறது என்று வைத்தால் நாளைக்கு 1.2 யூனிட், இரண்டு மாத பில்லில் 72 யூனிட். லேப்டாப் என்றால் அதில் கால்வாசி அளவுதான். மாதக்கணக்கில் ஓடப்போகிறது என்றால் பழைய லேப்டாப்பையே இதற்கு ஒதுக்குங்கள்.

5. பாஸ்வேர்டு

நான்கு இலக்கப் பின் அடித்து வீட்டில் லாகின் செய்து பழகியவர்கள் இங்கே கட்டாயம் மாட்டுவார்கள். விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப் அந்தப் பின்னை ஏற்காது, முழு பாஸ்வேர்டுதான் கேட்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கு என்றால் பயனர் பெயராக மின்னஞ்சல் முகவரி, பாஸ்வேர்டாக அந்தக் கணக்கின் பாஸ்வேர்டு. வீட்டில் இருக்கும்போதே ஒருமுறை பின்னை விட்டுவிட்டுப் பாஸ்வேர்டு அடித்து உள்ளே போய்ப் பாருங்கள். எப்போதும் பின்னிலேயே நுழைந்த கணினி, புதுப் பாஸ்வேர்டைத் தெரியாது என்று மறுப்பதைப் பார்த்திருக்கிறேன்.

பாஸ்வேர்டே இல்லாத கணக்கு என்றால் விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப் உள்ளே விடாது. அது நல்லதற்குத்தான்.

6. போர்ட் திறக்க வேண்டாம்

பழைய வீடியோக்கள் எல்லாம் ரூட்டருக்குள் போய் 3389 என்ற போர்ட்டை, அதாவது வெளியிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப்புக்கு வரும் வாசலை, திறக்கச் சொல்லும். கேட்காதீர்கள். இரண்டு காரணம்.

முதலாவது, அந்தப் போர்ட்டைத் தேடி இணையம் முழுக்க இயந்திரங்கள் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. திறந்த கதவைக் கண்டால் பாஸ்வேர்டை மாற்றி மாற்றித் தட்டிப் பார்க்கும். சில நேரம் பாஸ்வேர்டே தேவைப்படாது. 2019 மே மாதம் வெளிவந்த புளூகீப் என்ற ரிமோட் டெஸ்க்டாப் ஓட்டை அப்படிப்பட்டது. ஆதரவு எப்போதோ முடிந்துபோன விண்டோஸ் எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசாஃப்ட் அப்போது திருத்தம் வெளியிட்டது என்றால் எவ்வளவு மோசம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, நம் வீடுகள் பலவற்றில் அது வேலையே செய்யாது. ரூட்டர் பக்கத்தைத் திறந்து 'வான்' முகவரியை, அதாவது இணையப் பக்கம் ரூட்டருக்குக் கிடைத்த எண்ணை, பாருங்கள். 10 என்று தொடங்கினாலோ, 100.64 முதல் 100.127 வரைக்குள் இருந்தாலோ, இணைய இணைப்பு தருபவர் பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறார் என்று பொருள். அடுக்குமாடிக் குடியிருப்பின் பெயர் மட்டும் எழுதி, வீட்டு எண் எழுதாமல் வந்த கடிதம் போலத்தான். வாட்ச்மேன் யாரிடம் கொடுப்பார்? உங்கள் ரூட்டரில் என்ன திறந்தாலும் கடிதம் உங்களிடம் வந்து சேராது. தெருவில் கேபிள்காரர் தரும் ஃபைபர் இணைப்பில் இதை அடிக்கடி பார்க்கிறேன்.

கீழே சொல்லும் இரண்டு வழியும் உள்ளிருந்து வெளியே பேசித் தொடர்பு ஏற்படுத்துபவை. ரூட்டரைத் தொடவே வேண்டாம்.

7. வழி ஒன்று: குரோம் ரிமோட் டெஸ்க்டாப்

ஹோம் பதிப்பு வைத்திருப்பவர்களுக்கும் முதல்முறை செய்பவர்களுக்கும் இதைத்தான் போட்டுக் கொடுக்கிறேன். காசு கிடையாது.

முதலில் உங்கள் கூகுள் கணக்கில் இரண்டு படிச் சரிபார்ப்பை ஆன் செய்யுங்கள். இந்தக் கணக்கின் பாஸ்வேர்டு போனால் வீட்டுக் கணினியின் வாசல் வரை வந்துவிடுவார்கள். கூடவே கூகுள் தரும் 10 மாற்றுக் குறியீடுகளை எழுதிப் பர்ஸில் வையுங்கள். வெளியூரில் போன் தொலைந்தால் அதுதான் துணை.

பிறகு வீட்டுக் கணினியில் குரோமைத் திறந்து 'ரிமோட்டெஸ்க்டாப் டாட் கூகுள் டாட் காம்' போங்கள். தொலைநிலை அணுகல் அமைக்கும் பகுதியில் பதிவிறக்கி நிறுவச் சொல்லும். கணினிக்கு ஒரு பெயரும், குறைந்தது ஆறு இலக்கப் பின்னும் கேட்கும். பிறந்த தேதி, வண்டி நம்பர், 123456 வேண்டாம். நடுவில் விண்டோஸ் அனுமதி கேட்கும் சின்னப் பெட்டி சில சமயம் மற்ற ஜன்னலுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். "சுத்திக்கிட்டே இருக்கு சார்" என்று போன் செய்பவர்கள் டாஸ்க்பாரில் மின்னும் அந்தக் கேடயப் படத்தை அழுத்தினால் போதும்.

வெளியிலிருந்து அதே முகவரி, அதே கூகுள் கணக்கு, அந்தப் பின். ரீஸ்டார்ட் ஆகி லாகின் திரையில் நின்றாலும் இது உள்ளே விடும்.

ஒரு குறை உண்டு, அதைத் தெரிந்துகொண்டு பயன்படுத்துங்கள். நீங்கள் அங்கே செய்வதெல்லாம் வீட்டு மானிட்டரிலும் ஓடும். மவுஸ் அம்பு தானாக நகர்வதைப் பார்த்துப் பேய் என்று பயந்த பாட்டியும் உண்டு, சம்பளக் கணக்கை உட்கார்ந்து படித்த உறவினரும் உண்டு. மானிட்டரின் பட்டனை அணைத்துவிட்டு ஊருக்குக் கிளம்புங்கள். வேலை முடிந்து துண்டிக்கும் முன், வீட்டுக் கணினியைப் பூட்டுங்கள். இல்லையென்றால் அது திறந்தபடியே கிடக்கும். சும்மா விண்டோஸ் விசையும் 'எல்' விசையும் சேர்த்து அழுத்தினால் உங்கள் கையில் இருக்கும் கணினி பூட்டிக்கொள்ளும். அதனால் ஸ்டார்ட் மெனுவில் உங்கள் பெயரை அழுத்தி 'லாக்' கொடுப்பதே எளிது.

8. வழி இரண்டு: டெயில்ஸ்கேலும் விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப்பும்

புரோ பதிப்பு இருந்தால், தினமும் மணிக்கணக்கில் வேலை செய்ய வேண்டுமென்றால் இதுதான் நல்லது. எழுத்து தெளிவாக இருக்கும், வீட்டு மானிட்டர் தானாகப் பூட்டிக்கொள்ளும், கோப்புகளை இங்கிருந்து அங்கே காப்பி செய்யலாம்.

டெயில்ஸ்கேல் என்பது உங்கள் கருவிகளுக்குள் மட்டும் ஒரு தனி வழி போட்டுக் கொடுக்கிறது. உள்ளே வயர்கார்ட் என்ற மறையாக்கத் தொழில்நுட்பம். தனிநபர்களுக்கு இலவசத் திட்டம் உண்டு. வீட்டுக் கணினியிலும் வெளியே எடுத்துப் போகும் லேப்டாப்பிலும் நிறுவி, இரண்டிலும் ஒரே கணக்கில் நுழையுங்கள். வீட்டுக் கணினிக்கு 100 என்று தொடங்கும் ஒரு முகவரி கிடைக்கும். மேலே சொன்ன 100.64 சமாச்சாரத்தோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அதே எண் வரிசையிலிருந்து எடுத்தது என்றாலும் இது உங்கள் கருவிகளுக்கு மட்டுமே தெரியும்.

அடுத்து செட்டிங்ஸ் → சிஸ்டம் → ரிமோட் டெஸ்க்டாப் ஆன். லேப்டாப்பில் 'ரிமோட் டெஸ்க்டாப் கனெக்‌ஷன்' திறந்து அந்த 100 முகவரியை அடித்தால் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும்.

இத்தோடு முடிந்தது என்று எழுந்துவிடுவார்கள். இரண்டு பொறி பாக்கி இருக்கிறது.

ஒன்று, விண்டோஸில் டெயில்ஸ்கேல் யாராவது லாகின் செய்த பிறகுதான் இணையும். இரவில் அப்டேட் போட்டு ரீஸ்டார்ட் ஆனால், லாகின் திரையில் நிற்கும் கணினி உங்களுக்குக் கிடைக்காது. கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் டெயில்ஸ்கேல் குறியை வலது கிளிக் செய்து, பிரிஃபரன்ஸில் 'ரன் அன்அட்டெண்டட்' என்பதை டிக் செய்யுங்கள்.

இரண்டு, ஒரு கருவிக்குத் தரும் சாவி வழக்கமாக 180 நாளில் காலாவதி ஆகும். துபாயில் இருக்கும் ஒருவர், ஆறு மாதம் அருமையாக ஓடியது, திடீரென்று நின்றுவிட்டது என்று ராத்திரியில் கூப்பிட்டார். நாளைக் கூட்டிப் பார்த்தால் சரியாக அதுதான். டெயில்ஸ்கேல் இணையப் பக்கத்தில் மெஷின்கள் பட்டியலில், வீட்டுக் கணினிக்கு மட்டும் 'டிசேபிள் கீ எக்ஸ்பைரி' கொடுங்கள். வெளியே எடுத்துப் போகும் லேப்டாப்புக்குக் கொடுக்காதீர்கள். அது தொலையக்கூடியது.

தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தமிழில் அடிக்க உதவும் மென்பொருளை இரண்டு பக்கமும் ஆன் செய்தால் எழுத்து குழம்பிப் போகும். ஒரு பக்கம் மட்டும் ஆனில் இருக்கட்டும்.

9. வீட்டு வைஃபையில் சோதிப்பது சோதனையே இல்லை

ஹாலில் உட்கார்ந்து, அதே வைஃபையில் இருக்கும் போனில் திறந்து பார்த்துவிட்டு "வேலை செய்யுது" என்பார்கள். போனில் வைஃபையை அணைத்து, சிம் டேட்டாவில் பாருங்கள். லேப்டாப் என்றால் போனிலிருந்து ஹாட்ஸ்பாட் போட்டுக்கொள்ளுங்கள்.

நான் வாடிக்கையாளருக்கு ஒப்படைக்கும் முன் பாண்டி பஸ்ஸில் ஏறிவிடுவேன். ரெட்டிச்சாவடி வரும்போது ஒருமுறை, அரியாங்குப்பத்தில் ஒருமுறை திறந்து பார்ப்பேன். இடையில் அவர்கள் வீட்டுக்குப் போன் செய்து மெயின் சுவிட்சை அணைத்து இரண்டு நிமிடம் கழித்துப் போடச் சொல்வேன். பாண்டி பஸ் ஸ்டாண்டில் இறங்குவதற்குள் கணினி தானாக வந்து நின்றால் வேலை முடிந்தது. வரவில்லையென்றால் டீ குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்ப வேண்டியதுதான்.

10. செய்யக் கூடாதவை

ஸ்டார்ட் மெனுவில் பழக்க தோஷத்தில் ஷட்டவுன் கொடுக்காதீர்கள். கொடுத்தால் பிளக்கைப் பிடுங்கிச் செருக ஆள் வேண்டும். ஸ்மார்ட் பிளக் வைத்திருப்பவர்கள் தப்பித்தார்கள்.

வெளியிலிருந்து வீட்டுக் கணினியின் நெட்வொர்க் அமைப்பையோ ஃபயர்வாலையோ மாற்றாதீர்கள். உட்கார்ந்திருக்கும் கிளையை வெட்டுவது அது.

இன்டர்நெட் சென்டர் கணினியிலோ நண்பர் கணினியிலோ உங்கள் கூகுள் கணக்கைத் திறந்து இந்த வேலை வேண்டாம்.

"பேங்கிலிருந்து பேசுகிறோம், எனிடெஸ்க் போட்டு நம்பரைச் சொல்லுங்கள்" என்று யார் கேட்டாலும் போனை வையுங்கள். ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே இந்த மோசடி பற்றி வங்கிகளை எச்சரித்தது. எனிடெஸ்க்கும் இதே போல வெளியிலிருந்து கணினியையோ போனையோ திறக்கும் நல்ல மென்பொருள்தான். முன்பின் தெரியாதவரிடம் சாவியைக் கொடுப்பதில்தான் ஆபத்து. நீங்கள் இதெல்லாம் செய்வதைப் பார்த்துப் பழகிய வீட்டுப் பெரியவர்கள், அந்த அழைப்பையும் நீங்கள் ஏற்பாடு செய்தது என்று நம்பிவிடுவார்கள். அவர்களிடம் முதலிலேயே சொல்லி வையுங்கள்.

11. ஊரில் இருக்கும்போது கிடைக்கவில்லை என்றால்

முதலில் உங்கள் பக்கம் இணையம் இருக்கிறதா பாருங்கள். சிரிக்காதீர்கள், ஐந்தில் ஒரு அழைப்பு அதுதான் என்று தோன்றுகிறது.

அடுத்து வீட்டுக்குப் போன். கேள்விகளை இந்த வரிசையில் கேளுங்கள். கரண்ட் இருக்கிறதா? இருக்கிறது என்றால் ஃபைபர் பெட்டியில் 'லாஸ்' என்ற இடத்தில் சிவப்பு விளக்கு எரிகிறதா? எரிந்தால் வெளியே ஒயர் அறுந்திருக்கலாம், இணைப்பு தருபவரைத்தான் கூப்பிட வேண்டும். 'பான்' விளக்கு பச்சையாக நிலையாக இருந்தால் லைன் நன்றாக இருக்கிறது. பெட்டியை மட்டும் அணைத்து ஒரு நிமிடம் கழித்துப் போடச் சொல்லுங்கள். அதன் பிறகு கணினியின் முகப்பில் விளக்கு எரிகிறதா என்று கேளுங்கள். எரியவில்லை என்றால் பட்டனை ஒரே ஒரு தடவை அழுத்தச் சொல்லுங்கள். பிடித்துக்கொண்டே நிற்கக் கூடாது, அணைந்துவிடும்.

அவர்களுக்கு விளக்கின் பெயர் ஆங்கிலத்தில் படிக்க வராது என்றால், கிளம்பும் முன் ஃபைபர் பெட்டியில் 'லாஸ்' விளக்குக்குக் கீழே ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டுங்கள். எங்கள் வீட்டில் அம்மாவின் ஸ்டிக்கர் பொட்டுதான் ஒட்டியிருக்கிறது. "பொட்டுக்கு மேல செவப்பா எரியுதாம்மா?" என்று கேட்டால் போதும். பக்கத்திலேயே கணினி சுவிட்ச் போர்டில் "அணைக்காதே, நான் உள்ளே இருக்கிறேன்" என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். அதை ஒட்டும் முன், அம்மா வீட்டைப் பெருக்கி முடித்ததும் எல்லா சுவிட்சையும் தட்டிவிட்டுத்தான் படுக்கப் போவார்.